வாசகர் கேள்வி – பதில்: யூத, இஸ்லாமிய அடிப்படைவாதங்கள் எழுந்த விதம்

கேள்வி: அடிப்படைவாதம் என்றாலே இஸ்லாமிய இயக்கங்களைப் பற்றி மட்டும்தான் பேசப்படுகிறது. இஸ்ரேலில் இன்று அமைச்சரவை வரை வந்துவிட்ட யூத மத இயக்கங்களையும் அதே சொல்லால் குறிக்கலாமா? இரண்டும் ஒரே வகையானவைதானா, அல்லது ஒற்றுமை பெயரோடு நின்றுவிடுகிறதா?

பதில்: 'அடிப்படைவாதம்' என்று நாம் தமிழாக்கிக்கொண்ட சொல் யூதர்களிடம் பிறந்ததும் இல்லை, முஸ்லிம்களிடம் பிறந்ததும் இல்லை. 1910 முதல் 1915 வரை அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் சிலர், நவீன இறையியலையும் விவிலியத்தின் மீதான வரலாற்று ஆய்வையும் மறுத்து, தங்கள் நம்பிக்கையின் அடிப்படைகள் எவை என்று விளக்கும் கட்டுரைத் தொகுதிகளை வெளியிட்டார்கள். 1920இல் அந்தத் தரப்பினர் பெருமையோடு தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரே அது. இரு மரபுகளுக்கும் அது இரவல் சொல்தான். வேதத்தின் அடிப்படைகளை ஏற்பவரெல்லாம் அடிப்படைவாதியா என்று முஸ்லிம் அறிஞர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எனவே நான் இதைக் குறுகிய பொருளில் மட்டும் ஆள்கிறேன். பல நூற்றாண்டுகளாக வாதமும் எதிர்வாதமுமாக வளர்ந்த ஒரு சமய மரபிலிருந்து ஓர் இழையை மட்டும் உருவியெடுத்து, அதுவே முழுச் சமயம் என்றும், அதை ஏற்காத சொந்தச் சமயத்தவரே முதல் எதிரி என்றும் கூறி, சமூகத்தையோ அரசையோ அதன்படி மாற்றியமைக்கப் புறப்படும் இயக்கத்தையே அச்சொல்லால் குறிக்கிறேன். இந்தப் பொருளில் யூத இயக்கங்களையும் அப்படி அழைப்பது சரியே. அழைக்காமல் விடுவதுதான் ஓரவஞ்சனை.

இழையை உருவுவது என்றால் என்ன என்பதற்கு இரு பக்கத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். பிராட்டிஸ்லாவா என்று இன்று வழங்கும் பிரெஸ்பர்க் நகரில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோசே சோஃபர் என்ற பெரும் ரப்பி, அதாவது யூத மதகுரு, வாழ்ந்தார். ஐரோப்பிய யூதரிடையே சீர்திருத்த இயக்கம் பரவிய காலம் அது. அதை எதிர்த்து அவர் முன்வைத்த முழக்கம், 'புதியது தோராவில் தடுக்கப்பட்டது' என்பதாகும். தோரா என்பது யூதரின் வேதச் சட்டம். மூலச் சட்டத்தில் அந்தப் 'புதியது' என்ற சொல் புது விளைச்சலைத்தான் குறித்தது. ஆலயத்தில் முதற்கதிரைக் காணிக்கையாகச் செலுத்தும்வரை புதுத் தானியத்தை உண்ணலாகாது என்பதே அதன் பொருள். உணவைப் பற்றிய ஒரு விதியை எல்லாப் புதுமைக்கும் எதிரான கட்டளையாக அவர் மாற்றிக் காட்டினார். அந்த மாற்றமே ஒரு பெரும் புதுமை என்பதை அவர் வழிவந்தோர் பின்னர் மறந்துபோனார்கள்.

எகிப்திய எழுத்தாளர் சையித் குதுப் செய்ததும் இதைப் போன்ற ஒன்றே. 'ஜாஹிலிய்யா' என்ற சொல் பொதுவாக நபிகளுக்கு முந்தைய அரபு நாட்டின் அறியாமைக் காலத்தைக் குறிக்க வழங்கியது. இந்தியத் துணைக்கண்டத்தில் 1941இல் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கிய மௌதூதி அச்சொல்லைத் தம் காலத்துக்கும் நீட்டியிருந்தார். எகிப்திய அதிபர் நாசரின் சிறையில் சித்திரவதையைக் கண்ட குதுப் அதை இன்னும் கூர்மையாக்கி, இறைவனின் சட்டம் ஆளாத எல்லாச் சமூகமும், முஸ்லிம்கள் வாழும் சமூகம் உட்பட, ஜாஹிலிய்யாவே என்று எழுதினார். முடிந்துபோன ஒரு காலத்தின் பெயர், கண்முன்னே நிற்கும் அரசின் மீதான குற்றச்சாட்டாகிவிட்டது. அவர் 1966 ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டார்.

பத்து மாதங்கள்கூட முடியாத நிலையில், 1967 ஜூனில், ஆறு நாள் போர் வந்தது. இரு இயக்கங்களின் எழுச்சியையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க விரும்புகிறவர் இங்கேதான் நிற்க வேண்டும். அந்தப் போர் வரை இரு பக்கமும் ஆண்டவை மதச்சார்பற்ற தேசியவாதங்கள். இஸ்ரேலில் தொழிற்கட்சியின் சியோனிசம், அதாவது யூதத் தனிநாட்டுத் தேசியவாதம். எகிப்திலும் சிரியாவிலும் அரபு சோஷலிசம். ஆறே நாளில் எகிப்து சினாயையும் காஸாவையும், ஜோர்டான் மேற்குக்கரையையும் கிழக்கு ஜெருசலேமையும், சிரியா கோலன் குன்றுகளையும் இழந்தன. நாசரின் தேசியவாதம் அரபு இளைஞர்கள் கண்முன் பொடிந்தது. இறைவனை மறந்த ஆட்சிக்குக் கிடைத்த தண்டனை இது என்று பள்ளிவாசல்களில் சொல்லப்பட்டபோது, கேட்க ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள்.

அதே ஆறு நாட்களை ஜெருசலேமின் மெர்க்காஸ் ஹாராவ் யெஷிவாவில் அதிசயம் என்று வாசித்தார்கள். யெஷிவா என்பது தோராவையும், யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதையும் கற்பிக்கும் சமயக் கல்லூரி. போருக்கு மூன்று வாரம் முன்பு, இஸ்ரேல் சுதந்திர நாள் விழாவில், அதன் தலைவர் ரப்பி ஸ்வி யெஹூதா கூக் பேசினார். 1947இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் ஐ.நா. தீர்மானத்தைக் கொண்டாட ஊரே தெருவில் ஆடியபோது தம்மால் அதில் சேர முடியவில்லை என்று நினைவுகூர்ந்து, நம் ஹெப்ரோன் எங்கே, ஷெக்கெம் எங்கே, எரிகோ எங்கே என்று கதறினார். மூன்று வாரத்தில் அந்த ஊர்கள் எல்லாம் இஸ்ரேலியப் படையின் கையில் இருந்தன. ஆசிரியரின் புலம்பலை மாணவர்கள் தீர்க்கதரிசனமாகக் கொண்டார்கள். யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பரான மெசியாவின் மீட்பு தொடங்கிவிட்டது, கைக்கு வந்த நிலத்தில் ஒரு பிடியைத் திருப்பிக் கொடுப்பதும் அந்த மீட்பைத் தடுப்பதாகும் என்ற கருத்து அங்கே வேரூன்றியது. 1973 போரின் அதிர்ச்சிக்குப் பிறகு, 1974இல், அந்த மாணவர்களை மையமாகக் கொண்டே 'குஷ் எமுனிம்' என்ற குடியேற்ற இயக்கம் பிறந்தது.

தோல்வி மதத்தை வளர்க்கும் என்று சொல்வார்கள். இங்கே ஒரே போரின் தோல்வி ஒரு பக்கத்தையும் வெற்றி மறுபக்கத்தையும் வளர்த்ததைக் காணும்போது, நிகழ்ச்சியைக் காட்டிலும் அதை வாசித்தவர்களின் கண்ணாடி முக்கியமாகிறது. ஒருபுறம் தண்டனை, மறுபுறம் வரம். இரு புறமும் நேரடியாகப் பேசுகிறவர் இறைவன், இடையில் வரலாற்றுக்கு வேலையே இல்லை.

இரண்டையும் ஆட்சியாளர்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1968 பஸ்கா பண்டிகைக்கு ஹெப்ரோனில் ஒரு விடுதியில் தங்கப்போன ரப்பி மோஷே லெவிங்கரும் அவர் குழுவினரும், பண்டிகை முடிந்தும் வெளியேற மறுத்தார்கள். அவர்களை அகற்றும் அதிகாரம் இருந்த தொழிற்கட்சி அரசு, இராணுவ முகாமில் இடம் கொடுத்து, பின்னர் அருகிலேயே கிரியாத் அர்பா என்ற குடியிருப்பைக் கட்டிக் கொடுத்தது. 1977இல் வலதுசாரித் தலைவர் பெகின் ஆட்சிக்கு வந்தபோது கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக்கரையில் ஐயாயிரம் அளவில் இருந்த குடியேறிகள் இன்று ஏறத்தாழ ஐந்து லட்சம். அவர்களில் பலர் மலிவான வீட்டுக்காகப் போனவர்கள் என்றாலும், பாதையை வெட்டியவர்கள் நம்பிக்கையாளர்களே. எகிப்தில் நாசருக்குப் பின் அதிபரான சாதாத், நாசர் சிறையிலிட்ட முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தினரை விடுவித்து, பல்கலைக்கழகங்களில் இடதுசாரிகளுக்கு எதிராக இஸ்லாமிய மாணவர் குழுக்களுக்கு இடம் கொடுத்தார். காஸாவில் ஷேக் அகமது யாசின் நடத்திய சமூகநல அமைப்புக்கு இஸ்ரேலிய நிர்வாகமே 1979இல் அனுமதி தந்தது. அந்த அமைப்பின் அடித்தளத்திலிருந்துதான் 1987 டிசம்பரில் ஹமாஸ் எழுந்தது.

இனி வேறுபாடுகள். இவற்றை விட்டுவிட்டு ஒற்றுமை பேசுவது நேர்மையாகாது.

முதலாவது, தலைமை. யூத இயக்கங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் முறையாகச் சமயக் கல்வி பெற்ற ரப்பிகள். சுன்னி முஸ்லிம் உலகில் நிலை வேறு. 1928இல் சூயஸ் கால்வாய்க் கரையில் இஸ்மாயிலியா நகரில் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைத் தொடங்கிய ஹசன் அல்பன்னா பள்ளி ஆசிரியர், மௌதூதி பத்திரிகையாளர், குதுப் இலக்கிய விமர்சகர். உலமாக்கள் எனப்படும் சமய அறிஞர்களின் கையிலிருந்த வேதவிளக்க உரிமையை, நவீனக் கல்வி கற்ற நடுத்தர வர்க்கத்தார் தம் கைக்கு மாற்றிக்கொண்டதே அந்த எழுச்சியின் பாதிக்கதை. ஈரான் இதற்கு விலக்கு. அங்கே ஷியா மதகுருவான கொமெய்னியே 1979 புரட்சிக்குத் தலைமை தாங்கினார், சட்ட அறிஞரே ஆள வேண்டும் என்ற கோட்பாட்டை 1970இலேயே நஜஃப் நகரில் விரிவுரைகளாக வகுத்தும் வைத்திருந்தார்.

இரண்டாவது, அரசோடு உள்ள உறவு. இதுதான் எல்லாவற்றிலும் கனமானது என்று நான் கருதுகிறேன். எகிப்திலும் சிரியாவிலும் இஸ்லாமிய இயக்கத்தினர் நீண்டகாலம் தடைசெய்யப்பட்டு, சிறையிலும் தூக்குமேடையிலும் வளர்ந்தவர்கள். கசப்பும் இரகசியமும் அவர்கள் சிந்தனைக்குள் போனதில் வியப்பில்லை. குஷ் எமுனிமுக்கோ அரசின் சாலை, அரசின் மின்சாரம், அரசின் படைக்காவல் எல்லாம் கிடைத்தன. அது அரசை எதிர்த்துக் கூச்சலிட்டபடியே அரசின் கையால் தன் வேலையை முடித்துக்கொண்டது. துப்பாக்கி தூக்குகிறவர் யார் என்று மட்டும் பார்த்து ஒப்பிடுகிறவர்களுக்கு, ஒரு தரப்புக்காக அந்தத் துப்பாக்கியை ஓர் இராணுவம் ஏந்தியிருந்தது என்பது தெரியாமலே போகிறது.

மூன்றாவது, பரப்பு. உலகில் யூதர்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. முஸ்லிம்கள் 180 கோடிக்கும் மேல். யூத மதம் பிறரை மதம் மாற்ற முனைவதில்லை. அதன் அரசியல் அடிப்படைவாதம் ஒரு சிறு நிலத்தைச் சுற்றியே சுழல்கிறது. இஸ்லாமிய இயக்கங்களுக்கு நாடுதோறும் முகம் வேறு, எதிரி வேறு. தேர்தலில் நிற்கும் கட்சியையும் குண்டு வைக்கும் குழுவையும் ஒரே பட்டியலில் எழுதுவது பிழையாகும்.

கேள்வி: நீண்ட கறுப்பு அங்கி அணிந்த யூதர்கள் சிலர் பாலஸ்தீனக் கொடியை ஏந்தி இஸ்ரேலுக்கு எதிராக ஊர்வலம் போகும் படங்களைப் பார்க்கிறேன். இவர்கள் மிதவாதிகளா?

பதில்: இல்லை. பல வகைகளில் குஷ் எமுனிமைவிடக் கடுமையான மரபுவாதிகள். 1938இல் தோன்றிய நெதுரேய் கார்த்தா என்ற மிகச் சிறிய குழுவினரைத்தான் அநேகமாக நீங்கள் பார்த்திருப்பீர்கள். யூதர்கள் கூட்டாகப் பலவந்தமாகப் புனித நிலத்துக்குத் திரும்பக்கூடாது, பிற தேசத்தாருக்கு எதிராகக் கலகம் செய்யக்கூடாது என்று தல்மூதில் வரும் ஆணைகளை முன்வைத்து, மெசியா வருமுன் யூத அரசு அமைப்பதே பாவம் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். எண்ணிக்கையில் மிகப் பெரிய சத்மார் ஹசீதியர் என்ற ஆசார யூதப் பிரிவினருக்கும் இதே இறையியல்தான். ஒரே தல்மூதிலிருந்து ஒருவர் அரசே புனிதம் என்றும் மற்றவர் அரசே பாவம் என்றும் எடுத்துக்காட்ட முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

இவ்விரு குழுக்களும் அடங்கும், ஹரேதிகள் என்று அழைக்கப்படும் கடும் ஆசார யூதப் பெரும் பிரிவினரில் பெரும்பாலோர் அரசை எதிர்த்து ஊர்வலம் போவதில்லை. அதிலிருந்து விலகி நின்று, பேரம் பேசி வாழ்கிறார்கள். ஹிட்லரின் படுகொலையில் கிழக்கு ஐரோப்பாவின் யெஷிவாக்கள் அடியோடு அழிந்தன. எஞ்சியதைக் காப்பதே அவர்கள் நோக்கமாக இருந்தது. 1948இல் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்குரியன் சுமார் 400 யெஷிவா மாணவர்களுக்கு இராணுவச் சேவையிலிருந்து விலக்கு அளித்தார். அது பின்னர் பல்லாயிரமாகப் பெருகி, 2024 ஜூனில் இஸ்ரேல் உச்சநீதிமன்றம் அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளிக்கும் அளவுக்கு வளர்ந்தது. இஸ்லாமியத் தரப்பில் இவர்களுக்கு இணை தேடினால், ஹமாஸையோ சகோதரத்துவ இயக்கத்தையோ பார்க்கக் கூடாது. 1920களில் வட இந்தியாவின் மேவாத் பகுதியில் தோன்றி, தொழுகையையும் ஒழுக்கத்தையும் மட்டும் போதித்து, அரசியலைத் தவிர்க்கும் தப்லீக் ஜமாஅத்தையே பார்க்க வேண்டும். அதற்கும் ஹரேதிகளுக்கும் வேறுபாடு உண்டு. தப்லீக் வீடுவீடாகப் போகும், ஹரேதிகளில் பலர் வீட்டைச் சுற்றி மதில் எழுப்புவார்கள்.

சகோதரத்துவ இயக்கத்துக்கு இணை வேண்டுமென்றால் 1984இல் தோன்றிய ஷாஸ் கட்சியைச் சொல்லலாம். அரபு நாடுகளிலிருந்து வந்து, ஐரோப்பிய யூதரால் இரண்டாந்தரமாக நடத்தப்பட்ட ஏழைகளிடையே பள்ளியும் உணவும் உதவியும் கொடுத்து அது வேரூன்றியது. அரசு கைவிட்ட தெருவில் மருத்துவமனை நடத்தி மனத்தை வென்ற எகிப்திய அனுபவத்துக்கு மிக அருகில் வருவது இதுவே.

கேள்வி: ஒரு தரப்பின் வன்முறைக்கு மறுதரப்பின் வன்முறைதான் காரணம் என்று இரு பக்கத்தாரும் சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை?

பதில்: ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன என்பது உண்மை, ஆனால் 'அவன் செய்தான், அதனால் நான் செய்தேன்' என்பது எந்தக் கொலைக்கும் விடுதலை தராது. 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமையில், ஹெப்ரோன் இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது பாருக் கோல்ட்ஸ்டைன் என்ற மருத்துவர் துப்பாக்கியால் சுட்டு 29 பேரைக் கொன்றார். அவர் அரபியரை வெளியேற்ற வேண்டும் என்று பேசிய ரப்பி மெயிர் கஹானேயின் வழிநடந்தவர். அன்று யூதருக்குப் பூரிம் பண்டிகை. நாற்பது நாள் துக்கம் முடிந்ததும் ஹமாஸ் இஸ்ரேலின் அஃபுலா நகரில் கார்க் குண்டு வெடித்து, பேருந்தில் ஏறவிருந்த பொதுமக்களைக் கொன்றது. 1996 தொடக்கத்தில் தொடர்ந்து வெடித்த குண்டுகளுக்குப் பிறகு, மே மாத இஸ்ரேலியத் தேர்தலில், இஸ்ரேலும் பாலஸ்தீனரும் செய்துகொண்ட ஓஸ்லோ உடன்படிக்கையை எதிர்த்த நெத்தன்யாகு ஒரு சதவீத அளவு வாக்கு வேறுபாட்டில் வென்றார். உடன்பாட்டை வெறுத்த இரு தரப்பும் ஒன்றையொன்று கலந்து பேசாமலே ஒரே வேலையைச் செய்து முடித்தன. அந்த வரிசையின் தொடர்ச்சியில்தான் 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதும், அதன் பின் காஸாவில் பல்லாயிரக்கணக்கான மக்கள், அவர்களில் எண்ணற்ற குழந்தைகள், அழிக்கப்பட்டதும் நிகழ்ந்தன. இதை எழுதும்போது கை கூசுகிறது.

நிலத்தைப் பற்றி இருவர் சொல்வதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இது இறைவன் உடன்படிக்கையால் தந்த நிலம், எந்த அரசுக்கும் இதை விட்டுக்கொடுக்க உரிமை இல்லை என்கிறது ஒரு தரப்பு. இது இறுதித் தீர்ப்பு நாள் வரை முஸ்லிம்களுக்கு வக்ஃபாக விடப்பட்ட நிலம், எந்த அரசுக்கும் இதை விட்டுக்கொடுக்க உரிமை இல்லை என்கிறது 1988ஆம் ஆண்டின் ஹமாஸ் சாசனம். அந்த நிலத்தில் இருக்கும் மனிதர் இரண்டு வாக்கியங்களிலும் இல்லை.

ஆனால் இவர்களின் முதற்குண்டு எப்போதும் அயலானுக்கே என்று எண்ணிவிட வேண்டாம். இஸ்ரேலோடு சமாதானம் செய்த சாதாத்தை 1981 அக்டோபர் 6 அன்று இராணுவ அணிவகுப்பில் சுட்டுக் கொன்றவர்கள் எகிப்திய முஸ்லிம்கள். பாலஸ்தீனரோடு உடன்பாடு செய்த இஸ்ரேல் பிரதமர் ராபினை 1995 நவம்பர் 4 அன்று சுட்டுக் கொன்றவர் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு யூத மாணவர். பின்னவர் தல்மூதின் 'துரத்துபவன்' விதியைத் துணைக்கு அழைத்தார். ஒருவன் மற்றொருவனைக் கொல்லத் துரத்தும்போது அவனைத் தடுக்க வேறு வழி இல்லையென்றால் கொல்லலாம் என்ற, கண்முன் நடக்கும் ஆபத்துக்கான விதி அது. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமரின் கொள்கைக்கு அதைப் பொருத்தினார். சாதாத்தைக் கொன்ற குழுவின் கோட்பாட்டாளர் அப்துஸ்ஸலாம் ஃபரஜ், 1328இல் இறந்த இப்னு தைமிய்யா மங்கோலியருக்கு எதிராக வழங்கிய ஃபத்வாக்களை எடுத்து, இஸ்லாத்தை ஏற்றதாகச் சொல்லியும் தங்கள் பழைய சட்டத்தால் ஆண்ட அந்த மங்கோலியரின் இடத்தில் எகிப்திய அதிபரை நிறுத்தினார்.

கேள்வி: அப்படியானால் இரு மதங்களின் அறிஞர்களும் வாய்மூடி இருந்தார்களா?

பதில்: வாய்மூடி இருந்தவர்கள் பலர், மறைமுகமாக வாழ்த்தியவர்களும் உண்டு. ஆனால் மரபுக்குள் நின்றே எதிர்த்தவர்களை மறப்பது பெரும் அநீதி. யூதச் சட்டத்தைக் குறிக்கும் ஹலாக்கா, இஸ்லாமியச் சட்டத்தைக் குறிக்கும் ஷரீஅத் என்ற இரண்டு சொற்களின் வேரிலும் நடை, வழி என்ற பொருள்தான் இருக்கிறது. இரண்டும் விவாதத்தால் வளர்ந்த சட்டமரபுகள். தல்மூதில் தோற்ற தரப்பின் கருத்தும் பதிவாகியிருக்கும். சுன்னி முஸ்லிம்களின் நான்கு சட்டப் பள்ளிகளும் ஒன்றையொன்று செல்லுபடியாகும் என ஏற்றுக்கொண்டவை.

ஆசாரம் தவறாத யூதரும் விஞ்ஞானியுமான யெஷாயாஹு லைபோவிட்ஸ், 1967 வெற்றிக் களிப்பு அடங்குமுன்பே, வேறொரு மக்களை ஆள்வது இஸ்ரேலைச் சீரழிக்கும் என்று எச்சரித்தார். குடியேற்ற இயக்கத்தோடு நெருங்கி நின்ற ரப்பி யெஹூதா அமிதால், 1982 லெபனான் போருக்குப் பிறகு விலகி, நிலத்துக்கு மேலே மக்களும் தோராவும் இருக்கின்றன என்று வாதிட்டார். ஷாஸ் கட்சியின் ஆன்மிகத் தலைவர் ரப்பி ஓவாதியா யோசெஃப், உண்மையான சமாதானத்தால் உயிர்கள் காக்கப்படுமானால் நிலத்தைக் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பிற்காலத்தில் காஸாவிலிருந்து இஸ்ரேல் வெளியேறுவதை அவர் எதிர்த்ததும் உண்டு, அதற்கும் உயிர்க்காப்பையே காரணமாகச் சொன்னார்.

முஸ்லிம் பக்கத்தில், சகோதரத்துவ இயக்கத்தின் இரண்டாம் தலைவர் ஹசன் அல்ஹுதைபியைச் சொல்ல வேண்டும். சக முஸ்லிம்களை மதத்திலிருந்து விலக்கும் 'தக்ஃபீர்' சிந்தனை சிறைக்குள் பரவியபோது அவர் அதை மறுத்தார். 1977இல் அவர் பெயரில் வெளிவந்த மறுப்பு நூலின் தலைப்பு, 'நாங்கள் அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்லர்' என்ற பொருள் தருவது. அவரோ தொழிலால் நீதிபதியாக இருந்தவர். ஃபரஜின் சிறு நூலுக்கு எகிப்தின் தலைமை முஃப்தி ஜாதுல் ஹக் விரிவான மறுப்பு எழுதினார்.

இந்த மறுப்புகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது இன்னும் பின்னால் வந்தது. ஃபரஜ் மேற்கோள் காட்டியவற்றுள் ஒன்று, மங்கோலியரின் ஆட்சிக்குள் போன மர்தின் நகரைப் பற்றிய இப்னு தைமிய்யாவின் ஃபத்வா. 2010 மார்ச்சில் அதே மர்தினில், இன்றைய துருக்கியில், முஸ்லிம் அறிஞர்கள் கூடி அந்தப் பனுவலைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார்கள். இஸ்லாமியச் சட்டத்துக்கு வெளியே இருப்பவனோடு அவனுக்கு உரியபடி 'போரிட வேண்டும்' என்றே பரவலாக வழங்கிய அச்சுப் பதிப்பில் இருந்தது; அரபியில் 'யுகாத்தல்'. டமாஸ்கஸிலிருந்த பழைய கையெழுத்துப் படியில் அந்த இடத்தில் 'யுஆமல்' என்று இருந்தது. உரியபடி 'நடத்தப்பட வேண்டும்' என்பது அதன் பொருள். எழுத்து வடிவில் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுக் கோத்தபோது நேர்ந்த பிழை, மேற்கோள் காட்டியவர்கள் கையெழுத்துப் படியோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே, ஒரு நூற்றாண்டுக் காலம் மேற்கோளாக நடமாடிக்கொண்டிருந்தது.